ஓராண்டே ஓடிய தொலைக்காட்சி கொடுத்த கணக்கு: கல்வி சேனல்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றியக் கல்வி அமைச்சக அதிகாரிகளுக்கும், சுயம் பிரபா, பி.எம். இ-வித்யா சேனல்களை நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பி.எம். இ-வித்யாவின் ‘ஒரு வகுப்பு, ஒரு டிவி சேனல்’ திட்டத்தை 12 சேனலிலிருந்து 200 சேனலாக விரிப்போம் என்று 2022 பட்ஜெட் உரையில் அறிவித்தீர்கள். அதற்கு முன்பே, 2017 ஜூலையில் 32 சேனல்களோடு சுயம் பிரபா வந்துவிட்டது. பிறகு அதுவும் பெருகியது. பிள்ளைகளுக்குப் பாடம் கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் கேட்க வந்தது கணக்கு. பணக் கணக்கைச் சொல்லவில்லை, அதைப் பார்க்கத் தணிக்கைத் துறை இருக்கிறது. இந்தச் சேனல்களை யார் பார்க்கிறார்கள், எந்த ஊரில், எந்தப் பெட்டியில், பார்த்ததால் என்ன மாறியது என்ற கணக்கு.

அப்படியெல்லாம் கணக்கெடுக்க முடியுமா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கக்கூடும். முடியும். கணினி இல்லாத, கைபேசி இல்லாத, பாதி ஊர்களில் தார்ச்சாலைகூட இல்லாத காலத்திலேயே இந்த நாடு எடுத்திருக்கிறது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஓராண்டு மட்டும் ஓடிய ஒரு கல்வித் தொலைக்காட்சிக்காக எடுத்தார்கள். அதன் பெயர் ‘சைட்’. செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை என்று விரித்துச் சொல்லலாம். நான் தொடர்பியல் பாடம் நடத்துகிறவன். என் வகுப்பில் இந்தச் சோதனையைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதையும், அடுத்து இன்றைய கல்வி சேனல்களுக்கு வந்ததும் கைபேசியைக் கையிலெடுப்பதையும் பார்க்கிறேன். அதனால்தான் இந்த மடல் பெரும்பகுதி பழைய கதையாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1969 செப்டம்பரில் இந்திய அணுசக்தித் துறையும் நாசாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நாசா ஏவவிருக்கும் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இந்தியாவுக்குக் கடனாகத் தரும். தரையில் செய்ய வேண்டிய வேலைகளையும் நிகழ்ச்சித் தயாரிப்பையும் இந்தியா பார்த்துக்கொள்ளும். இதன் பின்னால் நின்றவர் விக்ரம் சாராபாய். தொலைக்காட்சி முதலில் கிராமத்துக்குப் போக வேண்டும், நகரம் பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் நிலைப்பாடு. அன்றைக்கு நாட்டில் டிவி என்றால் டெல்லி. அதைச் சுற்றி 80 கிராமங்களில் 1967 முதல் உழவர்களுக்கான நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சாராபாய் 1971 டிசம்பரில் காலமானார். அவர் போட்ட திட்டத்தை அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் அதன் இயக்குநர் யஷ்பாலும், திட்ட மேலாளராக இருந்த ஏக்நாத் சிட்னிஸும் நடத்திக் காட்டினார்கள்.

1974 மே 30 அன்று ஏவப்பட்ட ஏடிஎஸ்-6 முதல் ஓராண்டு அமெரிக்காவின் அப்பலாச்சியா, ராக்கி மலைப் பகுதிகள், அலாஸ்கா ஆகிய இடங்களுக்குக் கல்வியும் மருத்துவ ஆலோசனையும் சுமந்தது. பிறகு கிழக்கே நகர்த்தப்பட்டு, ஆப்பிரிக்காவுக்கு மேலே 35 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நின்றது. அங்கிருந்து பார்த்தால் இந்தியா தெரியும்.

தரையில் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. ஆறு மாநிலங்கள், 20 மாவட்டங்கள், சுமார் 2,400 கிராமங்கள். ஆந்திரத்தில் கர்நூல், மகபூப்நகர், மேடக், ஐதராபாத்; கர்நாடகத்தில் குல்பர்கா, ராய்ச்சூர், பீஜப்பூர்; ஒரிசாவில் சம்பல்பூர், தேங்கானால், பூல்பானி; பீகாரில் முசாபர்பூர், சம்பாரண், தர்பங்கா, சஹர்சா; இப்படிப் போகும் பட்டியல். மத்தியப் பிரதேசமும் ராஜஸ்தானும் மற்ற இரண்டு. வசதியான மாவட்டம் என்று ஒன்றைச் சொல்வது கடினம். பின்தங்கியவை என்பதாலேயே தேர்ந்தெடுத்தார்கள்.

ஒவ்வொரு ஊரிலும் பொது இடத்தில், பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில், ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஐதராபாத்தின் இ.சி.ஐ.எல். நிறுவனம் செய்துகொடுத்தது. அதற்கு மேலே அல்லது பக்கத்தில் பத்தடி விட்டமுள்ள ஒரு குடை ஆன்டெனா. அந்தக் குடையை எதில் செய்தார்கள் தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையில். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஏடிஎஸ்-6 கிராமங்களுக்கு அனுப்பிய சைகை 860 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்தது. அதன் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். வலையின் ஓட்டை அதில் சிறு பங்குதான். ஆகவே அலைக்கு அந்த வலை முழுத் தகடு மாதிரியே தெரியும், திருப்பி அனுப்பிவிடும். காற்றுக்கோ அது வெறும் வலை. புயல் அடித்தாலும் ஊடுருவிப் போய்விடும். தூக்கிப்போக எளிது, விலை குறைவு, கிழிந்தால் உள்ளூரிலேயே ஒட்டுப் போடலாம். இன்னொரு பக்கம் விண்ணில் ஏடிஎஸ்-6 விரித்த குடை முப்பதடி. அது பெரிதாக இருந்ததால்தான் ஊரில் இருந்தது சிறிதாக இருக்க முடிந்தது. செலவை மேலே ஏற்றி, ஏழையின் தலையில் இறங்கும் பங்கைக் குறைப்பது என்ற அந்தக் கணக்கை, கல்வித் திட்டம் போடுகிறவர்கள் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

(இதே கருவி ஒன்று கொழும்பில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வீட்டிலும் வைக்கப்பட்டது. இஸ்ரோ பொறியாளர்கள் போய் நிறுவிக் கொடுத்தார்கள். செயற்கைக்கோள் வழித் தொடர்பை 1945-இலேயே எழுதிக் காட்டிய மனிதர், ராய்ச்சூர்க்காரர்கள் பார்த்த அதே நிகழ்ச்சியைத் தன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்.)

நாளுக்கு நான்கு மணி நேரம் ஒளிபரப்பு. காலையில் ஒன்றரை மணி நேரம், 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம், ஊருக்கு. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என நான்கு மொழி. காலை ஒன்றரை மணி நேரத்தை நான்காகப் பிரித்தால் ஒரு மொழிக்கு இருபத்திரண்டரை நிமிடம். நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களின் தலைவலியை நினைத்துப் பாருங்கள். ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களை அனுப்பும் வசதி இருந்ததால், ஒரே காட்சியைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரே நேரத்தில் கேட்க வைக்க முடிந்தது. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் பாடப்புத்தகத்தைத் திரும்ப வாசிக்கவில்லை. கண்ணால் பார்க்கிற பொருளை எடுத்துக் கேள்வி கேட்டு, கையால் செய்துபார்க்கச் சொல்லும் அறிவியல் நிகழ்ச்சிகளில் இஸ்ரோ தனி அக்கறை காட்டியது. ஆசிரியர்களையும் விடவில்லை. விடுமுறைக் காலங்களில் தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட பாடம், நேர்முக வகுப்பு எல்லாம் சேர்த்து சுமார் 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி கொடுத்தார்கள்.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று எழுதினால் நான் பொய்யன். சைட் தொடங்கியபோது நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி அரசு வானொலியின் தொலைக்காட்சிப் பிரிவின் கையில் இருந்தது. அது தூர்தர்ஷன் என்று தனியாகப் பிரிந்ததே 1976 ஏப்ரலில், சோதனை நடந்துகொண்டிருக்கும்போதுதான். அந்தக் காலத்தில் அரசு சொல்ல விரும்பியது எதுவோ அது ஊருக்குப் போயிற்று. ஊர் சொல்ல விரும்பியது திரும்பி வர அந்தக் குடையில் வழி இல்லை. மாலையில் அரை மணி நேரம் எல்லா மாநிலத்துக்கும் பொதுவான நிகழ்ச்சி, இந்தியில். கர்நூல்காரருக்கும் பூல்பானிக்காரருக்கும் அதே இந்தி. மொழிக்கு இவ்வளவு கவனம் கொடுத்தவர்கள் அந்த அரை மணியில் மட்டும் ஏன் வழுக்கினார்கள் என்று கேட்டால், அது பொறியாளர்கள் எடுத்த முடிவாக இருந்திருக்காது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். தமிழ்நாடு சோதனையில் இல்லை. நமக்கு 1975 ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது, நகரத்துக்கு.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

சைட் பிறக்கும்போதே அதன் முடிவு நாள் குறிக்கப்பட்டிருந்தது. 1976 ஜூலை 31 முடிந்ததும் செயற்கைக்கோளை நாசா மேற்கே நகர்த்தும். இது எல்லோருக்கும் தெரியும். ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். சைட் நடத்தியவர்கள் கந்தையை எறியவில்லை. கையில் இருக்கும் ஓராண்டில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒளிபரப்பு தொடங்கும் முன்பே ஊர்களில் கணக்கெடுப்பு நடந்தது, நடுவில் நடந்தது, முடிந்த பிறகும் நடந்தது. பெட்டி வந்த ஊரையும், அதே போன்ற ஆனால் பெட்டி வராத ஊரையும் ஒப்பிட்டார்கள். சில ஊர்களில் மானுடவியலாளர்கள் மாதக் கணக்கில் தங்கி, யார் முன்வரிசையில் உட்கார்கிறார், யார் வாசலோடு நிற்கிறார், எந்தச் சாதிக்காரர் வருவதே இல்லை, பெண்கள் எந்த நேரத்தில் எழுந்து போகிறார்கள் என்றெல்லாம் பார்த்து எழுதினார்கள். பெட்டி பழுதானால் சரிசெய்யப் பராமரிப்பு மையங்கள் இருந்தன; எத்தனை பெட்டி ஓடுகிறது, எத்தனை நின்றுபோயிற்று என்ற பதிவும் இருந்தது.

அந்த அறிக்கைகளில் பெருமைப்பட வைக்கும் முடிவும் உண்டு, முகம் சுளிக்க வைக்கும் முடிவும் உண்டு. முதல் வாரங்களில் திருவிழாக் கூட்டம் கூடியது, பிறகு குறைந்தது. உடல்நலம், குடும்பநலம் போன்றவற்றில் பெண்களும் எழுத்தறிவில்லாதவர்களும் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடியது, மொழியறிவு கூடியது. ஆனால் டிவி வந்ததால் பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகள் பெரிய அளவில் கூடிவிடவில்லை, இடைநிற்றல் நின்றுவிடவும் இல்லை. இந்தக் கடைசி முடிவை மறைக்காமல் எழுதினார்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைப் படித்ததால்தான் நம்மால் இன்று சொல்ல முடிகிறது: மாட்டை மேய்க்கப் போகிற பிள்ளையைப் பெட்டியைக் காட்டி வகுப்புக்கு இழுத்துவிட முடியாது, அதற்கு வேறு வழி தேட வேண்டும்.

பக்கத்திலேயே நடந்த இன்னொரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்ற ஊரில் ஒரு சிறு ஒளிபரப்பு நிலையம் அமைத்தார்கள். மாவட்டத்தின் நூற்றுக்கணக்கான ஊர்களில் பொதுப் பெட்டி. பல ஊர்களில் பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில். அங்கே நிகழ்ச்சியின் கதையை ஊர்க்காரர்களே சொன்னார்கள், ஊர்க்காரர்களே நடித்தார்கள். கூலி குறைவாகக் கொடுக்கிறார்கள், தீண்டாமை நடக்கிறது என்பதெல்லாம் திரையில் வந்தது. சைட் முடிந்த பிறகும் கேடா பல ஆண்டுகள் ஓடியது. ஊரகத் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசை 1984-இல் பெற்றது. பின்னர் அதுவும் மூடப்பட்டது. சைட்டில் திரும்பி வர வழி இல்லை என்றேனே, அந்த வழியைக் கேடா கண்டுபிடித்திருந்தது. அதைத்தான் நாம் முதலில் தொலைத்தோம்.

சைட் முடிந்ததும் ஊர்கள் இருண்டன. 1977-லிருந்து ஜெய்ப்பூர், ராய்ப்பூர், முசாபர்பூர், சம்பல்பூர், ஐதராபாத், குல்பர்கா ஆகிய இடங்களில் தரை ஒளிபரப்பிகள் வைத்து ஒரு பகுதி ஊர்களுக்கு மட்டும் மீண்டும் படம் கிடைத்தது. நம் சொந்தச் செயற்கைக்கோள் இன்சாட்-1ஏ 1982-இல் போய், சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983-இல் இன்சாட்-1பி வந்தபோது நாட்டின் கவனம் வண்ணத் தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் நெடுந்தொடரிலும் இருந்தது. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘நாடு தழுவிய வகுப்பறை’ மதிய நேரத்தில் ஓடியது. ஒரு தலைமுறைக் கல்லூரி மாணவர்களுக்கு அது நினைவிருக்கும்.

அடுத்த பெரிய அலை 2000-இல். ஜனவரி 26 அன்று ஞான தர்ஷன் என்ற கல்வி சேனல். 2003 ஜனவரி 26 அன்று, ஐ.ஐ.டி.களின் பொறியியல் விரிவுரைகளுக்காகவே ‘ஏகலவ்யா’ என்ற தொழில்நுட்ப சேனல். 2004 ஜனவரி 26 அன்று உயர்கல்விக்காக ‘வியாஸ்’. குடியரசு நாளுக்கு ஒரு சேனல் என்ற வழக்கமே வந்துவிட்டது போல. குருவைக் காணாமல் மண்பொம்மையை வைத்து வில் பழகிய ஏகலைவனின் பெயரைத் தொலைக்காட்சிக் கல்விக்கு வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். கட்டைவிரல் போன கதையை அவர் மறந்திருந்தார் போலும். அந்த விரிவுரைகள் பிழைத்தன. ஏனென்றால் அதே காலத்தில் தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைப்பில் வளர்ந்த என்.பி.டி.இ.எல். என்ற இணைய விரிவுரைத் திட்டம் அவற்றை இணையத்துக்குக் கொண்டுபோயிற்று. சேனல் என்ன ஆனது? எந்த நாளில் எந்த முடிவால் நின்றது, எத்தனை மாணவர் பார்த்தார்கள் என்று ஒரு இறுதி அறிக்கையை என் மாணவர்களுக்குக் கொடுக்க நான் தேடினேன். பொதுவில் ஒன்று என் கண்ணில் படவில்லை. உங்களிடம் இருந்தால் வெளியிடுங்கள், மகிழ்ச்சி.

2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் ஏவப்பட்டது. முழுக்கக் கல்விக்கென்றே 1,950 கிலோ எடையில் ஒரு செயற்கைக்கோள். இரவல் இல்லை, நம்முடையது. மண்டலத்துக்கு ஒரு ஒளிபரப்புக் கற்றை என ஐந்து, நாடு முழுவதற்கும் ஒன்று. 83 வலையமைப்புகள் வழியாக 56,000-க்கும் மேற்பட்ட பள்ளி, கல்லூரிகளை இணைத்ததாக இஸ்ரோ கணக்குச் சொல்கிறது. அவற்றில் ஐயாயிரத்துக்கும் குறைவானவற்றில்தான் மாணவர் திரும்பிப் பேசும் வசதி. மற்றவை பார்க்க மட்டும். 2010-இல் எஜுசாட்டின் வாழ்வு முடிந்தது. 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை, திட்டமிடலிலும் பாடத் தயாரிப்பிலும் பள்ளி, கல்லூரிகளில் வைத்த முனையங்களைப் பயன்படுத்தியதிலும் இருந்த குறைகளை விரிவாகவே எடுத்துவைத்தது. செயற்கைக்கோள் நன்றாக வேலை செய்தது. கீழே நாம் செய்யவில்லை.

கீழே என்றால் எப்படி இருந்தது என்பதை நான் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பார்த்தேன். பெயர் வேண்டாம். மொட்டை மாடியில் டிஷ். அதன் கிண்ணத்தில் மழைநீர் காய்ந்த வளையம். கீழ்த்தளத்தில் பூட்டிய அறை. சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கவே அரைநாள் ஆயிற்று. உள்ளே துணி போர்த்திய ப்ரொஜெக்டர், மின்கலம் உப்பிப்போன யு.பி.எஸ்., சுவரில் ஒளிபரப்பு நேர அட்டவணை. மேசை மேல் கோடு போட்ட ஒரு பதிவேடு. முதல் சில பக்கங்களில் நாள், தலைப்பு, வந்தவர் எண்ணிக்கை, கையொப்பம் எல்லாம் ஒழுங்கு. அப்புறம் ‘சிக்னல் இல்லை’. அதற்குக் கீழே மேற்கோள் குறி போட்டு இழுத்த ‘மேற்படி’கள், பக்கம் பக்கமாக. அந்தப் பதிவேட்டை எழுதிய எழுத்தரை நான் மதிக்கிறேன். அவர் தன் கணக்கைக் கொடுத்துவிட்டார். மேலே யாரும் அதை வாங்கிப் படிக்கவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே எஜுசாட் மூலம் 2005 ஜூலையில் அப்துல் கலாம் தொடங்கிவைத்த கேரளத்தின் விக்டர்ஸ் சேனல், செயற்கைக்கோள் போன பிறகும் பிழைத்தது. 2020 ஜூன் 1 அன்று, பள்ளிகள் திறக்க முடியாத நிலையில், கேரளப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு அதில்தான் நடந்தது. காரணம் எளிது. பள்ளிக்கூடக் கணினிகளைப் பார்த்துக்கொண்ட அதே அமைப்பு சேனலையும் பார்த்துக்கொண்டது. ஆசிரியருக்கும் சேனலுக்கும் நடுவே தூரம் குறைவு. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று அதைத் தேவையாக்கிவிட்டது. மாறாக 2014-இல், ஒரு செயற்கைக்கோளிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டிய கட்டத்தில், ஞான தர்ஷன் ஒளிபரப்பே நின்றுபோயிற்று. மீண்டுவர நெடுநாள் ஆனது. நாடு தழுவிய கல்வி சேனல் ஒன்று திரையிலிருந்து காணாமல் போகிறது, வீதியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சைட் நின்றபோது ஊரே கேட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சுயம் பிரபாவின் விதிமுறை எனக்கு ஒரு வகையில் சிரிப்பூட்டுகிறது. ஒவ்வொரு சேனலிலும் நாளுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் புதிய பாடம். அதையே இன்னும் ஐந்து முறை திருப்பிப் போட்டு 24 மணி நேரத்தை நிரப்புவது. நான்கு மணி நேரம் என்றால் சைட் ஒளிபரப்பிய அதே அளவு. அவர்கள் நான்கு மணி நேரத்தை நான்கு மொழிக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள். நம்மிடம் நேரம் வழிகிறது. காந்திநகரிலிருந்து மேலே ஏற்றினால் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நாடு முழுக்கத் தூவிவிடுகிறது. தூவுவது எளிதாகிவிட்டதால்தான் எங்கே விழுகிறது என்று பார்க்கும் பழக்கம் போயிற்றோ என்று எனக்கு ஐயம். யூடியூபில் பார்வை எண்ணிக்கை இருக்கிறதே என்பீர்கள். அது திறன்பேசியும் டேட்டாவும் வைத்திருக்கும் பிள்ளையின் கணக்கு. சேனல் தொடங்கியதே அவை இல்லாத பிள்ளைக்காக அல்லவா? அந்தப் பிள்ளை எந்தப் பட்டியலில் இருக்கிறாள்?

நான் கேட்பவை செலவு பிடிக்கிறவை அல்ல. சேனல் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கொரு முறை மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துங்கள்: சில மாவட்டம், சில பள்ளி, சில வீடு. இலவச டிடிஎச் பெட்டி வீட்டில் இருக்கிறதா, இருந்தால் அந்தச் சேனல் அதில் வருகிறதா, பாடம் வரும் நேரத்தில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம்; முன்வரிசையில் யார் உட்கார்கிறார் என்று சைட் கேட்ட கேள்வியும் அதுதான். முடிவு நல்லதோ கெட்டதோ, அப்படியே வெளியிடுங்கள். பார்ப்பார் இல்லாத சேனலை மூடுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் நாள் குறித்து, காரணம் எழுதி, அதற்காகத் தயாரித்த பாடங்களை எவரும் இறக்கிப் பயன்படுத்தும்படி உரிமம் கொடுத்துவிட்டு மூடுங்கள். புதிதாக ஒரு சேனல் தொடங்கும் ஆணையிலேயே, எத்தனை ஆண்டு கழித்து, எந்த அளவுகோலை வைத்து அதை நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பீர்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

இஸ்ரோவுக்கும் பிரசார் பாரதிக்கும் நீங்கள் ஒரு கடிதம் போட்டால் நன்றாக இருக்கும். சைட், கேடா காலத்து நாடாக்களிலும் படச்சுருள்களிலும் எஞ்சியிருப்பவை எவை, எங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் வேண்டும். இருப்பவற்றை எண்ணிம வடிவாக்கிப் பொதுவில் வையுங்கள், ஆய்வறிக்கைகளோடு சேர்த்து. ராய்ச்சூரில் பத்து வயதில் அந்த இருபத்திரண்டரை நிமிடத்தைப் பார்த்தவருக்கு இன்று அறுபது வயதுக்கு அந்தப் பக்கம் ஆகிறது. அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்கவும் இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன. எஜுசாட் முனையங்களின் பதிவேடுகளும் எங்கெங்கோ பூட்டிய அறைகளில் கிடக்கும். பழைய காகிதம் வாங்குபவர் வருவதற்கு முன்னால் அவற்றையும் சேகரிக்கச் சொல்லுங்கள்.

கணக்கெடுப்பைத் தமிழ்நாட்டிலிருந்து தொடங்குவதென்றால் எங்கள் துறை உதவும். கேள்வித்தாள் தயாரிப்பது, ஊர் ஊராகப் போவது, பதில்களை உள்ளிட்டுத் தொகுப்பது எல்லாம் எங்கள் மாணவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே இருக்கும் களப்பணி. பேருந்துக் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நீங்கள் ஏற்பாடு செய்தால் போதும். ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்கியதும் அவர்கள் தயார்.

இப்படிக்கு,
தொடர்பியல் ஆசிரியர் ஒருவர்